பக்கத்து சீட்டுக்காரர் ஏன் நம்மோடு மட்டும் போட்டி போடுகிறார்?

மதுரையில் பைபாஸ் ரோட்டிலோ கே.கே.நகரிலோ சாயங்காலம் டீக்கடை வாசலில், ஐடி கார்டைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு நிற்கிறவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால், பாதிப் பேச்சு மேனேஜரைப் பற்றியும் மீதிப் பேச்சு கூட வேலை பார்க்கிற யாரோ ஒருவரைப் பற்றியும்தான் இருக்கும். "நான் செஞ்ச வேலைய அவன் பேர்ல அனுப்பிட்டான்ணே." "நான் லீவு போட்ட அன்னைக்குப் பாத்து மேடம்கிட்ட வத்தி வச்சிருக்கா." இந்தப் பேச்சு கடைசியில் வந்து நிற்கிற இடமும் ஒன்றுதான், அவன் குணமே அப்படி என்பார்கள். குணம் என்று முடிவு கட்டிவிட்டால் அப்புறம் செய்ய ஒன்றுமில்லை. பொறுத்துப்போக வேண்டும், இல்லையா, பதிலுக்கு நாமும் வத்தி வைக்க வேண்டும்.

குணம் கெட்ட ஆட்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை, தாராளமாக இருக்கிறார்கள். ஆனால் வேலை பார்க்கிற இடத்தில் நடக்கிற போட்டியில் பெரும்பகுதி, அந்த இடம் எதை எண்ணுகிறது, எதற்குக் காசு கொடுக்கிறது, மேலே எத்தனை நாற்காலி போட்டு வைத்திருக்கிறது என்பதிலிருந்துதான் வருகிறது என்பது என் கட்சி. அது பிடிபட்டுவிட்டால் எதிராளி அடுத்து என்ன செய்வார் என்று ஓரளவு முன்கூட்டியே தெரியும், எதை விட்டுக்கொடுக்கலாம் எதை விடவே கூடாது என்பதும் தெரியும்.

விளக்குத்தூண் பக்கத்தில், மாசி வீதிகளில் இருக்கிற ஜவுளிக்கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பல கடைகளில் சேல்ஸில் நிற்கிறவருக்கு மாதச் சம்பளம் கொஞ்சம், அதற்கு மேல் விற்ற சரக்குக்கு இன்சென்டிவ். துண்டுச் சீட்டில் யாருடைய நம்பர் விழுகிறதோ அவர் கணக்கில் அந்த விற்பனை ஏறும். கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க உசிலம்பட்டியிலிருந்து ஒரு குடும்பமே வந்து உட்காருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அக்கா அலமாரியில் இருப்பதையெல்லாம் இறக்கிப் பிரித்துக் காட்டுகிறார், முந்தியைத் தோளில் போட்டுக் காட்டுகிறார், கலர் பிடிக்கவில்லை என்றதும் இன்னொரு கட்டை இறக்குகிறார். அவர்கள் சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்று எழுந்து போய்த் திரும்பி வரும்போது அந்த அக்காவும் சாப்பாட்டுக்குப் போயிருந்தால், அந்த நேரம் அங்கே நிற்கிறவர் ஐந்தே நிமிடத்தில் சீட்டுப் போட்டு முடித்துவிடுவார். காலையிலிருந்து தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியதற்கு எந்தக் கணக்கிலும் இடம் கிடையாது. அன்று சாயங்காலம் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சுவார்த்தை இருக்குமா? இதில் யாருடைய குணத்தைப் போய் ஆராய்வது, கடைசி நிமிடத்தை மட்டும் எண்ணுகிற சீட்டு அல்லவா அந்தச் சண்டையை மூட்டிவிட்டது.

அதே கடையில் இன்னொன்றையும் கவனிக்கலாம். பிரித்துப் போட்ட சேலைகளைத் திரும்ப மடித்து அடுக்க வேண்டும், அதற்கு இன்சென்டிவ் கிடையாது. அதனால் அந்த வேலை மெல்ல நழுவி, வந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளையின் தலையில் போய் விழும். எண்ணாத வேலை எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தால் போதும், அந்த இடத்தில் யாருக்குப் பலம் இருக்கிறது யாருக்கு இல்லை என்பது தெரிந்துவிடும். சரி, தனித்தனி இன்சென்டிவை எடுத்துவிட்டு மாடி மொத்தத்துக்கும் சேர்த்துக் கொடுத்தால் தீர்ந்துவிடுமா என்றால், அங்கே வேறு சண்டை வருகிறது: "அவ சும்மா தூணுல சாஞ்சு நிக்கிறா, எனக்கும் அவளுக்கும் ஒரே காசா?" ஆட்கள் அதே ஆட்கள்தான், கணக்கு மாறியதும் சண்டை மாறிவிட்டது.

பொருளாதாரத்தில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். எட்வர்ட் லாசியர், ஷெர்வின் ரோசன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1981-ல், ஒரு நிறுவனத்தில் பதவி உயர்வு என்பது ஏறக்குறைய ஒரு பந்தயம் மாதிரி நடக்கிறது, ஒருவர் எவ்வளவு செய்தார் என்பதைவிடப் பக்கத்தில் இருப்பவரைவிட எவ்வளவு கூடுதலாகச் செய்தார் என்பதற்குத்தான் பரிசு என்று எழுதினார்கள். 1989-ல் லாசியர் அதன் அடுத்த பக்கத்தையும் எழுதினார். ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் நடுவில் சம்பள வித்தியாசம் கூடக் கூட ஆட்கள் கூடுதலாக உழைப்பார்கள், அது உண்மை, ஆனால் கூடவே அடுத்தவர் காலை வாரிவிடுவதும் லாபமான வேலையாகிவிடும். பக்கத்தில் இருப்பவர் பத்து அடி பின்னால் போவதும் நாம் பத்து அடி முன்னால் போவதும் ரேங்க் கணக்கில் ஒன்றுதானே. வெளிப்படையாகக் கெடுக்கக்கூட வேண்டாம், கேட்டபோது ஒரு ஃபைலை அனுப்பாமல் இருந்தாலே போதும்.

இதைக் கொள்கையாகவே வைத்து நடத்தியவர்களும் இருக்கிறார்கள். 1981 முதல் 2001 வரை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச், ஊழியர்களை மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10 என்று பிரித்து, அந்தக் கடைசிப் பத்தை வெளியே அனுப்பச் சொன்னார். மைக்ரோசாஃப்ட்டிலும் இதே சாயலில் ஒரு ரேங்க் முறை இருந்து, 2013-ல் கைவிட்டார்கள். திறமைசாலிகள் ஒரே டீமில் சேர்ந்து உட்காரத் தயங்கினார்கள் என்பது அந்த முறை மேல் வைக்கப்பட்ட முக்கியமான குற்றச்சாட்டு. நியாயம்தான், பத்து பேரும் கெட்டிக்காரர்களாக இருந்தாலும் ஒருவருக்குக் கீழ் ரேட்டிங் விழுந்தே தீரும் என்றால் எவர் வந்து உட்காருவார்? இத்தனை பேருக்குத்தான் மேல் ரேட்டிங், இத்தனை பேருக்குக் கீழ் ரேட்டிங் என்று முன்கூட்டியே பங்கிட்டு வைப்பதை, நம் ஊர் ஐடி பிள்ளைகள் 'பெல் கர்வ்ல போட்டுட்டாங்க' என்று புலம்புவது இந்த வம்சத்தில் வந்த ஏதோ ஒன்றைத்தான்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். மதுரைக்கென்று ஒரு விஷயம் தனியாக இருக்கிறது, அதற்கு வருவதற்கு முன்னால் நாம் யாரோடு நம்மை ஒப்பிடுகிறோம் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-ல் சொன்னது: மனிதர்கள் தங்களை எல்லோரோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, தங்களைப் போலவே இருக்கிறவர்களோடுதான் ஒப்பிடுகிறார்கள். கலெக்டரின் சம்பளம் நம்மை உறுத்துவதில்லை, கூடவே இன்டர்வியூவுக்கு வந்து கூடவே சேர்ந்தவருக்கு இரண்டாயிரம் கூடுதல் என்றால் அன்று ராத்திரி தூக்கம் போய்விடும். கிராமத்தில் இதற்குப் பெரிய ஆராய்ச்சியெல்லாம் தேவைப்பட்டதில்லை. வரப்புத் தகராறு எப்போதும் பங்காளியோடுதான் வரும், நாலு ஊர் தள்ளி ஐம்பது ஏக்கர் வைத்திருக்கிறவரோடு யாரும் வரப்புக்காக மல்லுக்கு நிற்பதில்லை. சொத்தும் ஒன்று, பங்கும் ஒன்று, வளர்ந்த வீடும் ஒன்று என்கிற இடத்தில்தான் அரை அடி மண்ணுக்கு அருவாள் வரைக்கும் போகிறது.

ஆட்களின் எண்ணிக்கைக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்டீபன் கார்சியாவும் அவிஷலோம் டோரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சின்ன வினாத்தாளைக் கொடுத்து, வேகமாக முடிக்கிற முதல் 20 சதவீதத்தினருக்கு 5 டாலர் பரிசு என்றார்கள். சிலரிடம் பத்து பேரோடு போட்டி என்றும் சிலரிடம் நூறு பேரோடு போட்டி என்றும் சொன்னார்கள். ஜெயிக்கிற வாய்ப்பு இரண்டிலும் ஒன்றுதான், ஆனாலும் பத்து பேரோடு போட்டி என்று நினைத்தவர்கள் வேகமாக முடித்தார்கள். கூட்டம் குறைந்தால் எதிராளியின் முகம் தெரிகிறது, உரசல் கூடுகிறது. பகையாளி என்று ஒருவர் மனதில் உட்கார்ந்துவிட்டால் உழைப்பும் ஏறுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேவின் கில்டஃப் என்பவர் 2014-ல் ஓட்டப் பந்தயக்காரர்களின் முடிவுகளை ஆராய்ந்தபோது, தன் வழக்கமான போட்டியாளரும் களத்தில் இருந்தால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 வினாடி வேகமாக ஓடினார்கள் என்று தெரிந்தது. அதனால் போட்டியே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இப்போது மதுரையைப் பாருங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு துறையில் மனம் கசந்தால் அதே வேலையைக் கொடுக்க ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கம்பெனி இருக்கும். இங்கே இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட் ஐடி பார்க் இருக்கிறது, கப்பலூரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது, பேங்க் கிளைகள், ஃபைனான்ஸ், ஆஸ்பத்திரி, காலேஜ் எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு துறையிலும் கதவுகள் கொஞ்சம்தான். ஒரு கிளையில் மூன்று ஆஃபீஸர், ஒரே ஒரு அசிஸ்டென்ட் மேனேஜர் நாற்காலி. அது கிடைக்காதவர் வேறு இடம் தேட வேண்டும் என்றால் பல நேரம் ஊரையே விட வேண்டியிருக்கும், சொந்த வீட்டை, வயதான அப்பா அம்மாவை, பிள்ளையின் ஸ்கூலை விட்டுப் போக வேண்டியிருக்கும். அதனால் பலரும் வேலைக்கு மட்டும் போட்டி போடவில்லை, ஊரில் இருப்பதற்கும் சேர்த்துத்தான் போட்டி போடுகிறார்கள். அந்தப் பயம் தெரியாமல் வெளியிலிருந்து பார்த்தால் 'இதுக்குப் போயா இப்படி?' என்றுதான் தோன்றும்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஊர் சின்னது, ஆள் திரும்பத் திரும்ப எதிரே வருவார். இன்று சண்டை போட்டவரை அடுத்த முகூர்த்தத்தில் பந்தியில் பக்கத்து இலையில் பார்ப்பீர்கள், நாலு வருஷம் கழித்து அவரே இன்னொரு இடத்தில் உங்களை இன்டர்வியூ எடுக்கிறவராக இருப்பார். அதனால் இணையத்தில் சுற்றுகிற 'கறாராக இரு, முகத்துக்கு நேராகச் சொல்' வகை அறிவுரைகள் இங்கே பாதிதான் வேலை செய்யும். முகத்தை முறித்துக்கொள்ளாமல் காரியத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதைத்தான் பழக வேண்டும்.

எப்படி என்று பார்ப்போம். முதலில் அவர் எதற்காக ஓடுகிறார் என்று கண்டுபிடியுங்கள். காசா, நாற்காலியா, மேலே இருப்பவர் வாயால் வருகிற ஒரு 'சபாஷா', வேலை போய்விடுமோ என்ற பயமா? ஹோம் லோன் எடுத்தவரின் ஓட்டமும், சும்மா பெயருக்கு ஆசைப்படுகிறவரின் ஓட்டமும் வெளியிலிருந்து ஒன்று போலத்தான் தெரியும். காசுக்கு ஓடுகிறவரோடு பங்கு பேசலாம். ஜவுளிக்கடையில் அனுபவசாலிகள் 'நான் இல்லாதப்ப என் கஸ்டமர் வந்தா உன் நம்பர்ல போடு, பாதி பாதி' என்று தங்களுக்குள் ஏற்பாடு வைத்துக்கொள்வதைச் சொல்கிறேன். பெயருக்கு ஓடுகிறவருக்கு மீட்டிங்கில் நாமே அவர் பெயரை ஒரு தடவை சொல்லிவிட்டால் பாதி வேகம் தணியும், நமக்குச் செலவும் இல்லை.

சிலர் வெறுமனே நன்றாக வேலை செய்கிறவர்கள், சீக்கிரம் வருகிறார்கள், எக்செல் நன்றாகத் தெரியும், அவ்வளவுதான். அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வதைத் தவிர அதில் சமாளிக்க ஒன்றுமில்லை.

வேலையைத் தன் பெயரில் தட்டிக்கொண்டு போகிறவர்தான் அதிகமான வயிற்றெரிச்சலுக்குக் காரணம். இதில் பெரும்பாலானவர்கள், பறிபோன பிறகு நியாயம் கேட்கப் போவார்கள். அப்போது போனால் உங்கள் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை, மேலே இருப்பவருக்கு இரண்டு பேருமே தொந்தரவாகத்தான் தெரிவீர்கள். வேலை முடிவதற்கு முன்பே உங்கள் பெயர் அதில் ஒட்டியிருக்க வேண்டும். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போதும்: 'கப்பலூர் பார்ட்டி ஸ்டேட்மென்ட் பார்த்துக்கிட்டிருக்கேன் சார், மூணு மணிக்குள்ள அனுப்பிடுறேன்.' தற்பெருமை போலவும் தெரியாது, தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். அப்படியும் மீட்டிங்கில் அவர் அதைத் தன் வேலையாகப் பேசினால், 'அது நான் செஞ்சது' என்று குரலை உயர்த்த வேண்டாம். செய்தவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விவரத்தைச் சேருங்கள். "ஆமா சார், அதுல ரெண்டு பில்லுல ஜிஎஸ்டி இடிச்சுச்சு, பார்ட்டிகிட்ட பேசி நான் மாத்தி வாங்கிட்டேன்" என்று சொன்னால் கேட்கிறவருக்குப் புரிந்துவிடும்.

விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தராதவர்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை, பெரும்பாலும் அவருக்கு இருக்கிற ஒரே பலம் அதுதான். முதலில் உங்கள் பக்கம் இருப்பதில் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். மசியவில்லை என்றால் என்ன வேண்டும், எப்போதுக்குள் வேண்டும், எதற்கு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். எடுத்த எடுப்பில் மேனேஜரை சிசியில் போட வேண்டாம், இரண்டாவது தடவை போடலாம்.

வத்தி வைக்கிறவர் தனி ரகம். இங்கே குடும்பத் தொழில்கள் அதிகம், பல இடங்களில் முதலாளி கடைக்கோ பட்டறைக்கோ தினமும் வர மாட்டார். என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஓர் ஆள் வேண்டும். கோள் சொல்கிறவரை அவர் வைத்திருப்பது ஏமாளித்தனத்தால் இல்லை, அதுதான் அவருடைய ரிப்போர்ட்டிங் சிஸ்டம். அதனால் 'அண்ணாச்சி, அவன் சொல்றத நம்பாதீங்க' என்று போய் நின்றால் எடுபடாது, அவருக்குக் கண்ணும் காதுமாக இருக்கிற ஆளை நீங்கள் பிடுங்கப் பார்க்கிறீர்கள் என்றுதான் தோன்றும். அதற்குப் பதில் நீங்களே நேராக ஒரு ரிப்போர்ட் கொடுக்க ஆரம்பியுங்கள். சாயங்காலம் இரண்டு நிமிடம் போனில், இன்று இவ்வளவு லோடு போனது, இந்தப் பார்ட்டி பாக்கி, இந்த மெஷின் நின்றது என்று. நல்லதையும் சொல்லுங்கள், உங்கள் பக்கம் நடந்த தவறையும் சொல்லுங்கள், யாரைப் பற்றியும் சொல்ல வேண்டாம். மூன்றாவது வாரத்தில் அந்த ஆள் கொண்டுபோகிற சரக்கு பழசாகிவிடும். கூடவே ஒரு சின்ன எச்சரிக்கை, டீக்கடையில் வேறு வேலை தேடுவதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள், இந்த ஊரில் அந்தச் செய்தி உங்களுக்கு முன்னால் ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிடும்.

பெண்கள் விஷயத்தில் இந்தக் கோள் வேறு முகம் எடுக்கும். ஒரு பெண்ணுக்குப் பதவி உயர்வு வந்தால் அவர் உழைப்பைக் குறைசொல்ல வழியில்லாத இடத்தில் 'அவ சாருக்கு வேண்டியவ' என்று ஒரு வார்த்தையைக் கிளப்பிவிடுவார்கள். இதைப் போட்டி என்று சொல்லிக் கடந்துபோகக் கூடாது. பாலியல் சாயலுள்ள பேச்சு, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்துக்குள் வருகிறது. பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், அதற்குக் குறைந்த இடங்களுக்கு மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு, சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். யார், எப்போது, யார் முன்னால், என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்வது பின்னால் பெரிய உதவி.

மேனேஜரிடம் போக வேண்டிய கட்டம் வந்தால், 'எனக்கும் அவருக்கும் ஒத்துவரல சார்' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒரு வாக்கியம் அவரைப் பஞ்சாயத்துக்கு உட்கார வைத்துவிடும், பஞ்சாயத்தில் இரண்டு பக்கமும் அபராதம்தான். வேலையைப் பற்றிப் பேசுங்கள்: இந்த மூன்று வேலையும் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, எது யாருடையது என்று பிரித்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். எல்லை தெளிவாக இல்லாத இடத்தில்தான் பாதிச் சண்டை நடக்கிறது. பிரிக்க முடியாத வேலை என்றால் ஒருவர் கை இல்லாமல் இன்னொருவர் வேலை ஓடாதபடி அமைப்பது இன்னொரு வழி. 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டர் இதற்கு நல்ல உதாரணம். டாக்டர் ஒரு மேசையில் கண்புரை அறுவையை முடிப்பதற்குள் பயிற்சி பெற்ற பெண்கள் பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தயாராக வைத்திருப்பார்கள், அவர் அப்படியே திரும்பி அடுத்ததை ஆரம்பிப்பார். அங்கே யாருக்கும் மனஸ்தாபமே வராது என்று சொல்ல வரவில்லை. டாக்டரின் வேகம் அந்தப் பெண்களின் கையில் இருக்கிறது, அதனால் அந்த மேசைகளுக்கு நடுவில் ஒருவரை ஒருவர் கெடுப்பதில் யாருக்கும் லாபமில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

முதலாளியின் மச்சான் மகன் உங்களுக்குப் போட்டியாக வந்து உட்கார்ந்தால் மேலே சொன்ன எதுவும் செல்லாது. அது போட்டியே இல்லை, அந்த நாற்காலிக்கு எப்போதோ துண்டு போட்டாயிற்று. அவருக்கு வேலை கற்றுக்கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டு, வேறு இடம் பார்ப்பதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

எதிர்த்திசையிலும் ஒன்று நடப்பதுண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. மற்றவர்கள் கண்ணுக்கு நீங்களே அந்தப் போட்டிக்காரராக இருக்கலாம். சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தார்ன் ஆலையில் 1931-32-ல் ஓர் அறையில் வயரிங் வேலை செய்த 14 பேரை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு அளவு வைத்திருந்தார்கள், அதற்கு மேல் செய்கிறவரைக் கிண்டல் செய்தார்கள், புஜத்தில் ஓங்கிக் குத்தவும் செய்தார்கள். ஒருவர் கூடுதலாகச் செய்தால் நாளை எல்லோருக்கும் டார்கெட் ஏறும் என்ற கணக்கு. ஒரு ஃபைனான்ஸ் கிளையில் புதிதாகச் சேர்ந்த உற்சாகத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கலெக்ஷனுக்குப் போய் குரூப்பில் போட்டோ போடுகிற தம்பியை அந்தக் கிளையில் மற்றவர்கள் ஏன் முறைக்கிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம். அவருக்குத் தெரியாமலே அவர் நாலு பேருடைய ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறார். உழைக்க வேண்டாம் என்பதில்லை, அந்தப் போட்டோவைக் குரூப்பில் போடாமல் மேனேஜருக்கு மட்டும் சொன்னாலே சூடு குறையும்.

இதையெல்லாம் செய்தும் சரிப்படாமல் வேறு இடம் பார்க்கிறவர்கள், சம்பளம் பேசும்போதே ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: "போன தடவை இங்க யாருக்கு ப்ரமோஷன் குடுத்தீங்க சார், எதப் பாத்துக் குடுத்தீங்க?" தயங்காமல் வருகிற பதில் என்றால் அங்கே ஒரு கணக்கு இருக்கிறது, அது நமக்குப் பிடித்த கணக்கா இல்லையா என்று யோசித்துச் சேரலாம். "அதெல்லாம் மேல இருக்கவங்க பாத்துக்குவாங்க" என்று பதில் வந்தால், போகும்போது வாசலில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணனிடம் இந்த சீட்டில் இதற்கு முன்னால் இருந்தவர் எத்தனை மாதம் இருந்தார் என்று கேட்டுவிட்டு, அப்புறம் சேர்வதைப் பற்றி முடிவெடுக்கலாம்.